நாற்பத்தொன்றாம் ஈடு

— "1988 மார்ச் பன்னிரண்டு. நாமக்கல் அப்புசாமியின் குஞ்சு பொரிப்பகத்தில் புதன்கிழமை நான் வாங்கிய ஐந்நூறு குஞ்சுகளில் அறுபது மடிந்தன. முறையிட்டபோது, பல்பு போட்டுச் சூடு காட்டத் தெரியாதவன் என்று என்னையே பழித்தார்." கேட்டீரா, அப்புசாமி? மாலைத் தபாலில் இது பத்திரிகைக்குப் போகிறது.

— ஏனுங் வாத்தியாரய்யா, என்ற பேரப் போட்டேவா எழுதோணும்? பல்ப அணைச்சுப்போட்டுத் தூங்கற ஆளுகள நான் எத்தனையோ பாத்தாச்சுங்க.

— மொதலாளி, ஐயாவுக்குப் போனது எந்த ஈடுன்னு பாக்கட்டுங்களா?

— நீ இரு, சௌந்திரம். பாருங்க ஐயா, ஆபீசுல எழுதறதுக்கு வெச்சா, சேலத்துல கம்ப்யூட்டர் படிச்சேன்னு மூணு பெட்டி நெறைய அட்டை அடுக்கி வெச்சிருக்கறா. குஞ்சு வாங்கறவங்களுக்கெல்லாம் நம்பரு! இதென்ன செயிலா, அம்மிணி?

— நம்மகிட்ட ஏழு செங்கோடன் வாங்கறாங்க. உங்க நோட்டுல "செங்கோடன், முந்நூறு"ன்னு மட்டும் இருக்குது. எந்தச் செங்கோடனுங்க?

— மூக்கு நீளமா இருப்பானே, அவன்.

— மூக்க நோட்டுல எழுதலீங்களே.

— என் எண் என்னம்மா?

— பதினேழுங்க ஐயா. மொதப் பெட்டி ஆளு; ஊரு, போனு, எல்லாம் ஒரே தடவதான் எழுதறது. ரெண்டாவது பெட்டி ஈடு; ஒரே நாள்ல ஒரே மெசின்ல பொரிச்சது ஒரு ஈடு. மூணாவது பெட்டி, அனுப்புன அட்டை. அதுல ஆளு நம்பரும் ஈட்டு நம்பருந்தான். உங்களுக்குப் போனது நாப்பத்தொண்ணு. மூணாம் மெசின்.

— மூணாம் மெசினா? கழுவாம முட்டை அடுக்கிட்டாங்கன்னு சத்தம் போட்டேனே, அதா?

— அதேதானுங்க. ஐயா, செத்த குஞ்சுக்குத் தொப்புள் கறுத்திருந்துச்சுங்களா?

— கறுத்துத்தான் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன், இவர் பல்பைப் பிடித்துக்கொண்டார்.

— அப்படின்னா சூட்டுக் கொறை இல்லீங்க, கழுவாத மெசின்ல தொத்துன சீக்கு. தண்ணியில மருந்து கலந்தா மீதி பொழைச்சுக்கும்.

— அடக் கெரகமே! அந்த ஈடு வேற யாராருக்குப் போச்சோ? நோட்டத் தேடி முடிக்கறதுக்குள்ள அத்தனையும் செத்துருமே!

— தேட வேண்டாங்க. நாப்பத்தொண்ணு போட்ட அட்டைய மட்டும் உருவிட்டேன். ஆறு பேரு. ரெண்டு, ஒம்பது, பதினேழு, இருபத்திரண்டு செங்கோடன்...

— மூக்குக்காரனா?

— புதுச்சத்திரத்துக்காரருங்க. அப்பறம் முப்பது, முப்பத்தாறு.

— வாத்தியாரய்யா, ஊத்துன டீ ஆறல, ஆறு பேரும் கெடச்சாச்சு! போனப் போடு அம்மிணி! போன் இல்லாத எடத்துக்கு மருந்தோட வண்டிய உடு! முப்பத்தாறு யாரு?

— நீங்கதானுங்க மொதலாளி. உங்க ஊட்டுப் பண்ணைக்கு ஆயிரம் குஞ்சு.

— எனக்குமா நம்பரு?

— ஏன் அப்புசாமி, முகம் இப்படி வாடிவிட்டது?

— அங்க எம்பது செத்துதுங்க. பல்ப அணைச்சுத் தூங்கிட்டான்னு பண்ணையப் பாத்துக்கற மாரியப்பன நேத்து வேலைய உட்டே வெரட்டிப்போட்டேன். அவன் குஞ்சத் தூக்கித் தூக்கித் தொப்புளக் காட்டுனானுங்க. நான் பாக்கவே இல்ல... அந்தக் கடுதாசியக் கிழிச்சுப்போடாதீங்க. என்ற பேரு இருக்கட்டும். கடைசி வரி மட்டும் புதுசா எழுதுங்க.

— எழுதுகிறேன், நீரும் கேளும்: "இதைப் படிக்கும் பண்ணைக்காரரே, குஞ்சு மடிந்ததற்காக எவரையேனும் விரட்டியிருந்தால், அது எந்த ஈட்டுக் குஞ்சு என்று இன்றே விசாரியும், பிறகு அவர் வீட்டுக்கு நீரே நடந்து போய் அழைத்து வாரும்!"