தலைமாட்டில் மாட்டிய உயரமானி

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் தனியாக எழுதப்பட்டு, அதன் கீழே கையெழுத்திட்டிருக்கிறேன். வயது முப்பத்தாறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியை அளவுக்கு வெட்டி, விளிம்பு தீட்டி, சட்டத்தில் பொருத்தும் வேலை பார்க்கிறேன். கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எங்களுக்கு ஏழு வயதில் ஒரே மகள். கணவர் இப்போது இதே காவல் நிலையத்தில் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார். என்னை யாரும் மிரட்டவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நானாகவே சொல்கிறேன்.

என் கணவருக்கு உலகப் போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானங்களின் கருவிகளைச் சேர்க்கும் பைத்தியம் உண்டு. விமானி உட்காரும் இடத்தில் எதிரே வட்ட வட்டமாக இருக்குமே, வேகம் காட்டுவது, திசை காட்டுவது, உயரம் காட்டுவது, அவைதான். பழைய சாமான் கடைகளிலும், இதே பைத்தியம் பிடித்த மற்றவர்களிடமும் வாங்கி வருவார். தெருவில் அவருக்குப் பைலட் என்றே பெயர். விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை, பொருட்காட்சியில் ராட்டினத்தின் பக்கம் போனாலே தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார். மாமியார் இல்லாத வீடு என்றுதான் எனக்குப் பார்த்துக் கட்டிவைத்தார்கள். இந்தக் கருவிகள் வந்து அந்தக் குறையைத் தீர்த்துவைத்தன. அதைத் தொடாதே, இங்கே நிற்காதே, சத்தம் போடாதே என்று எல்லாம் அவற்றுக்காகவே.

பின்புறத்துச் சிறிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்வார். அந்த அறையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூசி கிளப்பாமல் ஈரத் துணியால் துடை என்று எனக்குச் சொல்லியிருந்தார். போட்ட சட்டையை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போகிற மனிதருக்கு இப்படியொரு சுத்தம் வந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். தினமும் துடைத்தேன்.

அந்தக் கருவிகளில் எண்களும் முட்களும் இருட்டில் ஒளிரும்படி ஒரு பெயிண்ட் பூசியிருப்பார்களாம். ராத்திரியில் பறக்கும்போது விளக்குப் போட்டால் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதற்காக. இப்போது அவை வயதாகி அவிந்துபோய்விட்டன. என் கணவர் கண்ணாடியைக் கழற்றி, அந்தப் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்து, வேறு ஒரு புதிய பொடியோடு கலந்து மறுபடி பூசுவார். பூசினால் ஒளிரும். மற்றவர்கள் செத்த பிணத்தை அலமாரியில் வைத்திருக்கிறார்கள், நான் ஒருத்தன்தான் உயிர் கொடுக்கிறேன் என்று பெருமை பேசுவார். அது என்ன பெயிண்ட் என்று ஒருநாள் கேட்டதற்கு ரேடியம் என்றார். வண்டியின் பின்னால் ஒட்டுகிற பளபளப்பு ஸ்டிக்கரைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, மேற்கொண்டு கேட்கவில்லை.

அதன் பிறகு, சென்ற வருடம், மகள் தனியாகப் படுக்க ஆரம்பித்தாள். இருட்டென்றால் பயம். கண்ணாடி உடைந்துபோன ஓர் உயரமானியை அவர் புதிதாகப் பூசி, அவள் கட்டிலின் தலைமாட்டில் மாட்டிக்கொடுத்தார். நான் ஒரு வட்டக் கண்ணாடி வெட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாம், கண்ணாடி போட்டால் மங்கலாகத் தெரியும் என்றார். மகளுக்கு அது உயிராகிவிட்டது. படுக்கும்முன் விரலால் முள்ளைத் தள்ளி, அன்றைக்கு எத்தனை அடி உயரத்தில் தூங்கப்போகிறாள் என்று வைத்துவிட்டுத்தான் படுப்பாள். பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கிய நாளில் ரொம்ப உயரத்தில் வைப்பாள். அதன் பிறகு அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். விரல் சூப்பும் பழக்கம் அவளுக்குக் கைக்குழந்தையிலிருந்து இருக்கிறது. கசப்பு மருந்து தடவியும் விடவில்லை.

இந்த இடத்தில், நான் சொல்வதை எழுதுகிற காவலர் பேனாவை வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மேலே சொல்கிறேன்.

கழித்த உலோகக் கூடுகளை என் கணவர் பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருக்கிறார். அது இரும்பு உருக்கும் ஆலைக்குப் போய், வாசலில் இருந்த கதிர்வீச்சு கண்டுபிடிக்கும் கருவி லாரியை உள்ளே விடாமல் கத்தியிருக்கிறது. அங்கிருந்து விசாரித்துக்கொண்டு நேற்று முன்தினம் காலையில் காவலர்களும், கதிர்வீச்சு அளக்கும் ஒரு பெண்ணும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் கையில் இருந்த மீட்டர் பின்னறையில் படபடவென்று சத்தம் போட்டது. எனக்கு அதிர்ச்சியில்லை, எரிச்சல்தான். இவருடைய சாமான்களால் போலீஸ் வேறு வீட்டுக்கு வரவேண்டுமா என்று அவரை முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அந்தப் பெண் கூடத்தின் வழியாகத் திரும்பும்போது, மகளின் அறை வாசலில் மீட்டர் மறுபடி கத்தியது. இது யார் படுக்கிற கட்டில் என்று கேட்டாள். சொன்னேன். மீட்டரை உயரமானியிடம் காட்டினாள், தலையணையிடம் காட்டினாள். தலையணையிலும் கத்தியது. அதன் பிறகு என் மகளைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொன்னாள். நீட்டினாள். விரல் நுனியில் மீட்டர் சத்தம் போட்டது. என் மகள் அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து மற்ற கையையும் நீட்டினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன், ஆனால் பிற்பாடு பார்த்தபோது என் கையில் இருந்தது அவளுடைய ரிப்பன்.

அதன் பிறகு அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரில் அந்தப் பொருள் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பாலில் உள்ள சத்து எலும்பில் போய்ச் சேர்வதுபோல இதுவும் எலும்பில் போய்ச் சேருமாம். போனது திரும்பி வருவது கடினமாம். எவ்வளவு போயிருக்கிறது என்று இனிமேல்தான் தெரியும், வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

இன்று காலை என்னை இங்கே அழைத்து ஆய்வாளர் கேட்ட முதல் கேள்வி, இது கெடுதலான பொருள் என்று உங்கள் கணவருக்குத் தெரியுமா என்பது. தெரிந்து செய்திருந்தால் வழக்கு வேறு, தண்டனையும் வேறு என்று விளக்கினார். அதற்கு நான், அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் உயிரே போனாலும் அதை மகள் பக்கத்தில் விட்டிருக்க மாட்டார் என்றேன். காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். அது அப்படியே எழுதப்பட்டது.

அதன் பிறகு ஆய்வாளர் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தார். அதில் இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த ஒரு முகமூடியும் ரப்பர் கையுறைகளும் இருந்தன. கணவரின் ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் பூட்டி வைத்திருந்தார் என்றார். ஃப்ரிட்ஜ் வேலைக்காக இருக்கும் என்று நான் உடனே சொன்னேன். சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. அவருடைய வேலைப் பையைத் தினமும் எடுத்துக் கொடுப்பவள் நான். முகத்தில் கைக்குட்டைகூடக் கட்டாமல்தான் கேஸ் நிரப்புவார். ஈரத் துணியால் துடை என்று சொன்னதற்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. வடிகட்டியில் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தோம், கத்தியது என்றார்.

கணவரிடம் பேச அனுமதி கேட்டேன். ஆய்வாளர் முன்னிலையில் அழைத்து வந்தார்கள்.

"ஏங்க, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் அந்தப் பையைப் பார்த்தார். "சுரண்டும்போது மூச்சுல போனா ஆபத்துன்னு தெரியும். பூசிக் காஞ்சிட்டா ஒண்ணும் பண்ணாதுன்னு நானா நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"கேட்டா எடுத்துட்டுப் போயிடுவாங்களேன்னு கேக்கல."

அதன் பிறகு அவர் அழுதார். நான் அழவில்லை. அவரைத் திரும்ப அழைத்துப் போனார்கள்.

காலையில் சொன்ன பதிலை அடித்துவிடுங்கள் என்று கேட்டேன். எழுதியதை அடிக்க முடியாது, மாற்றம் இருந்தால் புதிதாகச் சொல்லுங்கள் என்றார் ஆய்வாளர். சொல்கிறேன். என் கணவருக்குத் தெரியும். எங்களைக் கொல்ல நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், மகள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் தெரியும். முகமூடி ஒன்றுதான் வாங்கியிருக்கிறார். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். காலையில் சொன்ன பதிலைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. அந்தப் பதிலும் நான் சொன்னதுதான் என்பதற்கு அதன் ஓரத்திலும், இங்கேயும் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)