எழும்பாத ராசா

கொழும்பில் கிராண்ட்பாஸ் போகிற ட்றாம் வண்டியில் எனக்கு முன்னால் இரண்டு அலுவலகக் கிளாக்கர்மார் இருந்தார்கள். குடை வைத்திருந்தவர் சொன்னார்: "அந்த ராசா மரியாதை தெரியாத மனுசன்."

"எந்த ராசா அண்ணை?" என்றார் இளையவர்.

"நேற்றுப் பார்த்த படத்தில வாற ராசா. அதே கதையை நாடகமாப் போடேக்க, அவர் பாடிச் செத்த உடன நாங்கள் 'ஒன்ஸ்மோர்' எண்டு கத்துவம். எழும்பி, உடுப்பைத் தட்டிப்போட்டு, திரும்பப் பாடித் திரும்பச் சாவார்."

"படத்திலயும் கத்தினனீங்களோ?"

"தொண்டை கிழியக் கத்தினனான். ஆள் அசையேல்லை."

"பிறகு?"

"நாடகத்தில ஒருநாளும் அழுதறியன், தம்பி. நேற்று விக்கி விக்கி அழுதன்."

குடையை மடியில் நேராக வைத்தார்.

"இண்டைக்கும் போறன். திரைக்குக் கிட்ட, முன் வாங்கில இருந்து கத்தினால் அவருக்குக் கேக்கும்."