அழிக்காமல் விட்ட போன்

“எல்லாரையும் அழிச்சிட்டேன்க்கா. அவரை மட்டும் அழிக்க மனசு வரல.”

மயிலாடுதுறையிலிருந்து நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவள் பக்கத்துப் பெண்ணிடம் இப்படிச் சொன்னதும் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“எங்கேருந்து அழிச்சே?”

“எங்க அரிசி மில் ஆபீஸ்லதான். வைஃபை ரொம்ப ஸ்லோவா இருக்கு. எந்தெந்த போனுக்கு நெட் விடலாம்னு ரூட்டர்ல ஒரு லிஸ்ட் இருக்கும்ல, அதுல பழசையெல்லாம் எடுத்துட்டேன்.”

“உன் வீட்டுக்காரர் துபாய் போயி மூணு வருஷமாச்சேடி!”

“அப்பல்லாம் சாயங்காலம் என்னைக் கூப்பிட வருவார்ல, நெல்லு காயற களத்துக்கிட்ட வண்டி திரும்பும்போதே அவர் போன் பேரு கம்ப்யூட்டர்ல வந்துரும். நான் பையை எடுத்துக்கிட்டு எழுந்துருவேன். இப்பவும் அஞ்சு மணியானா அந்த லிஸ்டைத் திறந்து பாக்குறேன்க்கா.”

திருக்கடையூர் தாண்டியதும் பக்கத்துப் பெண் கேட்டாள்.

“அங்க புதுப் போன் வாங்கிட்டார்னியே. அந்தப் பழைய பேரு இனிமே எப்படி வரும்? புதுசாத்தானே சேக்கணும்?”

“சேக்க ரெண்டு நிமிஷம் போதும்க்கா,” என்றாள். “ஆள் வரணுமே.”