காற்று புகாத வீடு

வீட்டுக்குள் குளிர் வருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் வெப்பம்தான் வெளியே போகிறது. நரின் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில் இதை நான் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் சன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்து வைத்திருப்பீர்கள், தம்பி. அதில் பயனில்லை. முதலில் விரிசல் எங்கே என்று பார்க்க வேண்டும்.

என் வேலையே அதுதான். வாசல் சட்டத்தில் தடித்த திரையை இழுத்துக் கட்டி, அதில் பெரிய விசிறியைப் பொருத்துவோம். அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். இழுக்கும்போது எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று புகும். மற்றவர்கள் அதற்குக் கருவி வைத்திருக்கிறார்கள். நான் மணமுள்ள ஆர்ச்சா மரக் குச்சியைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாக நடப்பேன். புகை வளையும் இடத்தில் விரிசல். புது வீட்டுக்கு ஆர்ச்சா புகை காட்டுவது நல்லது என்பதால் வீட்டுக்காரர்களுக்கும் மகிழ்ச்சி. சட்டம் சொல்லும் அளவுக்குள் கசிவு இருந்தால்தான் நான் ஒப்புதல் தருவேன். அதில்லாமல் எங்கள் ஊரில் யாரும் புது வீட்டுக்குக் குடிபோக முடியாது.

பெக்தூர் என் கடைசி மகன். மூத்தவர்கள் இருவரும் தலைநகருக்குப் போனபோது நான் கலங்கவில்லை. கடைசிப் பிள்ளை தாயோடு இருப்பான், வீடும் அவனுக்குத்தான். எங்கள் மக்களிடம் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. அவன் மணந்துகொண்ட சோல்பான் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். நல்ல பெண். எனக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டுவாள். தேநீரை மரியாதையாக அரைக் கிண்ணம்தான் ஊற்றுவாள்; நிறைய ஊற்றினால் சீக்கிரம் கிளம்பு என்று எங்களிடம் அர்த்தம். சத்தமாகச் சிரிப்பாள், அவ்வளவுதான்.

போன வசந்தத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு கட்ட அனுமதி கேட்டு, என் மகன் என் மேசைக்கு முன்னாலேயே வந்து நின்றான்.

"பாலத்தத் தாண்டுனா வீடும்மா. தெனமும் வந்து பாத்துட்டுப் போறேன்" என்றான்.

வாடிக்கையாளர் போல வந்தான். நானும் அலுவலர் போலவே வாங்கிக்கொண்டேன்.

முதல் சோதனையில் சன்னல் சட்டங்களில் கசிவு. அடுத்ததில் கூரை ஏறும் வழியில். இரண்டுமே உண்மையான கசிவுகள். நான் பொய் சொல்லி யாரையும் நிறுத்தியதில்லை. வேறு வீடாக இருந்தால் அங்கேயே நின்று அடைக்கச் சொல்லி, அன்றே மறுபடி அளந்திருப்பேன். இது என் பிள்ளையின் வீடு. கூடுதல் கவனம் வேண்டாமா?

இரண்டாம் முறை விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சோல்பான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அத்தை, காத்து நுழையிற எடமெல்லாம் கரெக்டா கண்டுபிடிச்சிட்டீங்க. நீங்க நுழையிற எடத்தத்தான் எங்களால அடைக்க முடியல."

விளையாட்டாகத்தான் சொன்னாள். உடனே என் தோளில் சாய்ந்து, "கோவிச்சுக்காதீங்க, சும்மா சொன்னேன்" என்றாள். நானும் சிரித்தேன். பெக்தூரும் சிரித்தான். அவனுடைய அப்பா இறந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. இத்தனை வருடமாக என் வீட்டில் அவன் அப்படிச் சிரிக்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மூன்றாவது சோதனையில் வீடு தேறியது. சுவரெல்லாம் கெட்டியாக இருந்தது. பாராட்டினேன்.

இங்கே நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவு கெட்டியான வீட்டில் நிலக்கரி அடுப்பு வைத்தால், அது மூச்சுவிட, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தனியாக ஒரு துளை வேண்டும். சோதனைக்காக அந்தத் துளையை அடைப்பது விதி. நான் கெட்டிக் கம்பளித் துண்டை உருட்டி அடைத்தேன். சோதனை முடிந்ததும் எடுத்துவிடுவதும் விதி.

எடுக்கவில்லை. அன்று வேலை அதிகம்.

குடிபுகுந்தவர்களுக்கு ஒரு சிர்தாக் விரிப்பு கொண்டுபோனேன். கோடை முழுவதும் நானே கம்பளியை அடித்து, வெட்டி, தைத்தது. எந்தச் சுவரில் மாட்டலாம் என்று சோல்பான் கேட்டாள். அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் வெறுமையாக இருக்கிறது என்றேன். பெக்தூர் ஆணி அடித்தான். பார்க்க அழகாக இருந்தது.

"எங்க வீட்டுலயே இதாங்க அத்தை ரொம்ப அழகு" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்கள என்னவோன்னு நெனச்சிட்டேன்."

அவளுக்கு அந்தப் புது அடுப்பு பழக்கமில்லை. விடிவதற்குள் வீடு ஆறிப்போகிறது என்று குறைபட்டாள். படுக்கும் முன், தணல் இருக்கும்போதே புகைபோக்கியின் தகட்டை மூடிவிடு, காலைவரை சூடு நிற்கும் என்றேன். ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். தணலின் விஷவாயு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும், அப்படிச் செய்யவே கூடாது என்று நான் பள்ளிக்கூடங்களில் பேசியிருப்பதும் உண்மைதான். அது பொதுமக்களுக்கு. இவள் வீட்டுப் பெண். கேட்டாள், சொன்னேன்.

மறுநாள் மாலை பெக்தூரை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். நெஞ்சு அடைக்கிறது என்றேன். அடைக்கத்தான் செய்தது. சூப் வைத்துக் கொடுத்தேன். பழைய இடத்திலேயே படுத்தான். காலையில் வேலைக்குப் போகும் வழியில் அவளைக் கூட்டிக்கொண்டு போக அங்கே போனான். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, பிறகு உடைத்திருக்கிறான்.

இப்போது என்னோடுதான் இருக்கிறான். பேசுவதில்லை. அது சரியாகிவிடும். துக்கம் என்றால் நாளாகும், எனக்குத் தெரியாதா? அவனுக்குப் பிடித்ததைச் சமைக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

நீங்கள் காலையிலிருந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறீர்கள். துளையைத் திறக்க மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொண்டாலும், அன்றைக்கென்று பார்த்து மகனை மட்டும் ஏன் கூப்பிட்டேன் என்று. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, தம்பி? அந்த அடுப்புக்குப் பக்கத்தில் என் பிள்ளையைப் படுக்க விடுவேனா? நான் பெற்றவள் இல்லையா?