இன்னும் சொல்லல சார்

இல்ல சார், இன்னும் சொல்லல. சொல்லியிருந்தா நான் ஏன் இங்கன மண்ணுல கால ஊனிக்கிட்டு நிக்கேன்? ஒங்க வீட்டம்மாவத் தூக்கிப் படகுல வச்சிருக்க மாட்டேனா? கொஞ்சம் பொறுங்க. ஜஹாஜ், அதான் கப்பலு, எங்கயும் போயிராது. அந்தா நிக்குல்லா, புகைய விட்டுக்கிட்டு. இப்பம் ஊதுனது முதச் சங்குதான். இன்னொரு சங்கு ஊதி, அதுக்குப் பொறவுதான் நங்கூரத்தத் தூக்குவாவ.

லே பழனிசாமி, படகு மூக்கக் கடலப் பாத்து வையி, பக்கவாட்டுல அலைய வாங்க விடாத. கத்தாதல, எனக்குக் காது கேக்கு. அவன் அப்படித்தான் சார், அவசரக்குடுக்கை. ராமநாதபுரத்துக்காரன். ஆனா தண்டு வலிக்க உக்காந்தான்னா ரெண்டாள் வேலைய ஒத்தையில பாப்பான். அவன் வாரேன்னு சொன்னதாலதான் நானும் கரைக்கு வந்தேன்.

தார்ப்பாய அம்மா முகத்துக்கு நேரா இழுத்து விடுங்க, வெயில் அடிக்கு. ரத்தம் எப்படி இருக்கு? கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கா. சந்தோசம். கம்பவுண்டர் ஊசி போட்டாருல்லா, அது கேக்கும். ஏழு மாசம்ங்கியளா? போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்துட்டா தாயும் பிள்ளையும் பொழச்சுக்கிடும் சார்.

தெரியும் சார். இந்த ஜஹாஜ விட்டா அடுத்தது அடுத்த மாசம்தான்னு எனக்குத் தெரியாதா? சர்க்கார் மோட்டார் படகு இஞ்சின் கழண்டு கெடக்கு, இந்த வாடக்காத்துல கல்லுக்கு நடுவுல வழி பாத்துக் கொண்டுபோக வேற ஆளு கெடையாது. அதான என் குடிசைக்கு வந்திய. நீங்க வந்தது தப்புன்னு சொல்லல. சொல்லாம எப்படிப் போவேன்னுதான் சொல்லுதேன்.

யாரு சொல்லணும்னா கேக்கிய? அது சரி, நீங்க புதுசுல்லா. அலைத்தடுப்பு வேலைக்கு வந்த ஓவர்சியர் பக்தவத்சலம்னு ஒங்க பேர மட்டும் கேட்டிருக்கேன். இந்த ஹட் பேயில பழைய ஆளுக யாருகிட்டயாவது விசாரிச்சியன்னா சொல்லுவாவ. நான் உவரிப் பக்கம் சார். வேதக்காரன். எங்க ஊருல இஸ்பிரித்து சாந்துன்னு சொல்லுவோம். இப்ப வார சின்னச் சாமியாரு பரிசுத்த ஆவின்னு சொல்லணும்ங்காரு. எப்படிச் சொன்னா என்ன, ஆளு ஒண்ணுதான. சின்னதுல எனக்கு உறுதிப்பூசுதல் குடுக்க மேற்றிராணியார், அதான் பிஷப்பு, வந்தாரு. நெத்தியில எண்ணெயப் பூசி, கன்னத்துல ஒரு தட்டு தட்டினாரு. இனி அவரு ஒனக்குள்ளதான் இருப்பாரு, கேட்டு நடன்னு உபதேசியாரு சொன்னாரு. நானும் மத்த பயலுவளும் தலைய ஆட்டிட்டு, பூந்தி வாங்கித் தின்னுட்டு வந்துட்டோம். அவரு நெசமாவே பேசுவாருன்னு யாரு கண்டா?

அருள் வந்து ஆடுததா? இல்ல சார், அது வேற. இதுல ஆட்டமுமில்ல பாட்டமுமில்ல. நெஞ்சுக்குழிக்குக் கீழ, தூங்குத பிள்ளையத் தொட்டு எழுப்புவாவல்லா, அப்படி ஒரு தொடல். தொட்டுட்டு ஒரே ஒரு சொல்லு. போன்னு வரும், இல்ல நில்லுன்னு வரும். அதுக்கு மேல வெளக்கமெல்லாம் கெடையாது.

முத முத, போர்ட் பிளேர்ல ஜங்லிகாட்டுல இருக்கும்போது வந்துச்சு. வலைய ஏத்தியாச்சு, எல்லாப் படகும் கெளம்பியாச்சு. நான் ஒரு கால உள்ள வச்சேன், நில்லுன்னிச்சு. எடுத்துட்டேன். மத்தவன்லாம் சிரிச்சான். பொண்டாட்டிய விட்டுட்டு வர மனசில்லன்னு கேலி. மத்தியானம் வானம் ஒருமாதிரி கறுத்து, அடிச்சுது பாருங்க காத்து! போன படகெல்லாம் வல இல்ல, தண்டு இல்லன்னு வந்துச்சு. சிலுவைராஜ்னு ஒருத்தன், நல்ல கடல்காரன், அவன் படகு வரவேயில்ல. அன்னையிலருந்து நான் அத விட்டதில்ல சார். அது சொல்லாம ஒரு பலகையக்கூட தண்ணியில எறக்கினதில்ல.

பொறவு இங்க காட்ட வெட்டி ஜனங்களக் குடிவைக்க ஆரம்பிச்சாவ. கப்பலு கரைக்கு வராது, ஆளுகளப் படகுலதான் எறக்கணும். இங்க வந்த பெங்காலிக்காரங்க பாதிப்பேரு கடலப் பாத்தே அழுதாவ. நான் கரையில கண்ண மூடி நிப்பேன், போன்னு வரும், தள்ளுவேன். ஒரு மூட்டைகூட நனைஞ்சதில்ல. நாதன்தா படகுன்னா சலோன்னு குழந்தைகுட்டியத் தூக்கிப் போட்டுட்டு ஏறிருவாவ. என் பேரு இருதயநாதன், அவங்க வாயில நாதன்தா, நாதன் அண்ணன்னு அர்த்தம். எனக்கும் கொஞ்சம் பெருமதான், வச்சுக்கிடுங்களேன். யாருக்கு இருக்காது?

என் பொண்டாட்டி கிளாராதான் கேலி பண்ணுவா. ஒங்க இஸ்பிரித்து சாந்துக்குக் கடல்ல மட்டும்தான் வேலையா, பானையில அரிசி தீந்துபோச்சுன்னு ஒருநாளாவது ஒங்ககிட்ட சொல்லியிருக்காரா, அப்படிம்பா. வாய்க்காரி. ஆனா நான் கடலுக்குப் போனா வர்ற வரைக்கும் செபமாலையக் கையிலருந்து கீழ வைக்க மாட்டா.

ஆங்? இல்ல, இன்னும் இல்ல. சொன்னா சொல்ல மாட்டேனா சார்? அந்தா வெள்ளையா நுரைக்கு பாருங்க, அங்கனதான் கல்லு. அது நடுவுல ரெண்டு படகு அகலத்துக்கு வழி. அலை தணியுத நேரம் பாத்து அதுக்குள்ள நுழைஞ்சு வெளிய போயிரணும். இப்பம் தணிஞ்சுதான் இருக்கா? ஆமா, தணிஞ்சுதான் இருக்கு. அது மட்டும் பத்தாது.

ஏன் படக விட்டேன்னா கேக்கிய? விட்டுட்டேன், அவ்வளவுதான். ஈஸ்டருக்குப் பொறவு தண்டத் தொடல. காட்டுக்கு மரம் இழுக்கப் போறேன். மஜ்தூர் வேலை, கூலி வேலைதான், போனோம் வந்தோம்னு இருக்கலாம், யாரு உசுருக்கும் நாம பொறுப்பில்ல.

ரெண்டாவது சங்கு. கேட்டுது சார், கேட்டுது. கையப் புடிச்சு இழுக்காதிய. நீங்க அழுதா அம்மா பயப்படுவாவ. சொல்லிருதேன், அத மட்டும் சொல்லிருதேன். தெரியாம எம் படகுல நீங்க ஏறக்கூடாது.

ஈஸ்டர் முடிஞ்ச வாரம் சார். கிளாரா தங்கச்சிக்கு ஜங்லிகாட்டுல பிள்ள பொறந்திருந்துச்சு. ஞானஸ்நானத்துக்கு இவதான் ஞானத்தாய். பிள்ளைக்கு வெள்ளச் சட்ட தச்சு, லேசு வச்சு, அதத் துணியில சுத்தி மடியில கட்டியிருந்தா. ஜஹாஜுக்குப் போற வேற ஆளுகளும் படகுல இருந்தாவ. கடல் தேங்காயெண்ணெய ஊத்துன மாதிரி கெடந்துச்சு. ஒரு சுருக்கம் கெடையாது. நான் எப்பவும்போல நின்னேன். போன்னிச்சு. சந்தேகமே இல்ல சார், தொட்டு, தெளிவா, போன்னிச்சு.

அவ கரையில நின்னுக்கிட்டு, இன்னைக்கு வேண்டாங்க, அடுத்த கப்பல்ல போறேன், மனசு என்னமோ சரியில்லன்னா. நான் சிரிச்சேன். எனக்கே சொல்லியாச்சு, ஒம் மனசு என்ன பெரிய மனசு, ஏறுன்னேன். ஏறிட்டா.

கல்லு வழிக்குள்ள நுழையும்போது, காத்தே இல்லாம, எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல, ஒண்ணு பின்னால ஒண்ணா எந்திரிச்சுது. முத அலைய ஏறிட்டேன். அடுத்தது படக நட்டமா நிப்பாட்டிக் கவுத்துட்டு. அங்கன கல்லு மேல இடுப்பளவுதான் சார் தண்ணி. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நிக்காவ. பெங்காலிக் கிழவி ஒருத்தி, கையில கோழியோட எந்திரிச்சா. கோழி சிறகடிக்கு. நான் எண்ணுதேன், திரும்பத் திரும்ப எண்ணுதேன். கிளாராவக் காணல. படகுக்கு அடியில இருந்தா. கோழி பொழச்சுக்கிட்டு சார். கோழி பொழச்சுக்கிட்டு, என் பொண்டாட்டி பொழைக்கல.

இல்ல, தண்ணி வேண்டாம். இருக்கட்டும்.

அடுத்த நடை பூசை வைக்க வந்த சின்னச் சாமியாருகிட்டக் கேட்டேன். நல்ல மனுசன், தப்பு சொல்லக்கூடாது. தோள்ல கையப் போட்டு, நாதன், அது ஆவியானவர் இல்ல, ஒன்னோட நெனப்பு, மனச அலட்டாதன்னாரு. ஆறுதலுக்குத்தான் சொன்னாரு. நான் குடிசைக்கு வந்து யோசிச்சேன். அன்னைக்குப் பேசினது அவரு இல்லன்னா, அதுக்கு முன்னால பேசினதும் அவரு இல்ல. அப்பம் இவ்வளவு காலமும், பச்சப் பிள்ளையள எல்லாம் ஏத்திக்கிட்டு, நான் எதக் கேட்டுப் படகு விட்டேன்? என் மண்டைத் திமிரயா? இல்ல, அன்னைக்குப் பேசினது அவருதான்னா, அவரு எதுக்கு என்னைப் போன்னாரு? ரெண்டு பக்கமும் கல்லு சார். நடுவுல வழி தெரியல.

இன்னொன்னும் இருக்கு. அத யாருகிட்டயும் கேக்க எனக்குத் தைரியம் வரல. மனசு சரியில்லன்னு அவ சொன்னாள்ல, அது யாரு? எனக்குள்ள மட்டும்தான் அவரு இருப்பாரா? அவளுக்கும்தான மேற்றிராணியார் எண்ணெய பூசினாரு, அவ கன்னத்துலயும்தான தட்டினாரு. ஒருவேள அன்னைக்கு அவரு பேசினது அவகிட்டயோ என்னமோ. நான் ஏறுன்னு சொல்லி அவரு வாயப் பொத்திட்டேனோ என்னமோ.

அதுலருந்து செபம் வரமாட்டேங்கு சார். சிலுவை போடக் கையத் தூக்குனா, பிதான்னு நெத்திக்கு வருது, சுதன்னு நெஞ்சுக்கு வருது. தோளுக்குப் போக மாட்டேங்கு. நெஞ்சுலயே நிக்கு. இஸ்பிரித்து சாந்துன்னு அந்தப் பேரச் சொல்ல வாய் வர மாட்டேங்கு. கோவமான்னா கோவம்தான். பயமான்னா பயமும்தான். ஒங்ககிட்ட எதுக்கு மறைக்க?

பழனிசாமி, தெரியும்ல, நங்கூரச் சங்கிலி சத்தம் எனக்கும் கேக்கு. மேல ஏத்த இன்னும் நேரமாகும். வெளிய வந்துட்டோம்னா நம்மளப் பாத்து நிப்பாட்டுவாவ. துண்ட உயத்திக் காட்டு.

சார், ஒண்ணு கேக்கட்டா? வீட்டுலருந்து கெளம்பும்போது அம்மாகிட்டக் கேட்டியளா? கூட்டிட்டுப் போறேன்னு சொன்னது இல்ல, போலாமான்னு கேட்டியளா? கேக்கலல்லா. நானும் கேக்கல. தள்ளிக்கிடுங்க, நான் கேக்கேன்.

அம்மா. ஏம்மா, கண்ணத் தொறங்க. நான் இருதயநாதன், படகுக்காரன். நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சா? விழுந்துச்சா, நல்லது. கடல் இன்னைக்கு நல்லாயில்ல. கவுந்தாலும் கவுரும். கொண்டுசேத்துருவேன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒங்க மனசு என்ன சொல்லுது? வேண்டாம்னா வேண்டாம், யாரும் ஒங்களக் கட்டாயப்படுத்த மாட்டோம். சாரு கோவிச்சாலும் நான் தூக்கிட்டுப்போய் வீட்டுல விட்டுருதேன்.

என்ன சொல்லுதாவ சார்? மெதுவாப் பேசுதாவ, அலைச் சத்தத்துல எனக்குக் கேக்கல. பயமா இருக்குங்காவ. ம். பிள்ள அசையுதா? இன்னும் அசையுதாம்மா? இங்கன கெடந்தாப் போயிரும்னு தோணுதா. போலாம்ங்காவளா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க சார், நீங்களாச் சேத்துச் சொல்லாதிய. போலாம்னுதான் சொன்னாவளா.

சரி.

எந்திரிங்க சார், தலைமாட்டப் புடிங்க. பாயோட தூக்குவோம். நடுப்பலகைக்குக் கீழ, படகு அடியில படுக்க வைக்கணும், சாக்கு விரிச்சிருக்கேன். நீங்க பக்கத்துல குத்தவச்சு அவங்க தோளப் புடிச்சுக்கிடணும். கவுந்துட்டுன்னா படக விட்டுத் தள்ளி இழுங்க, வெளிப் பக்கமா. என்னையப் பாக்காதிய, பழனிசாமியப் பாக்காதிய. அம்மாவ மட்டும்.

என்ன கேக்கிய? எனக்கா?

எனக்கு எப்பமோ சொல்லிட்டு சார். நீங்க அம்மாவக் கட்டிலோட தூக்கிக்கிட்டு என் வாசல்ல வந்து நின்னியல்லா, அப்பமே சொல்லிட்டு. போன்னு. இந்த நிமிசம் வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருக்கு. கிளாராவ ஏத்தும்போது சொன்ன அதே சத்தம், துளி மாத்தமில்ல. அது கேக்கக்கூடாதுன்னுதான் இவ்வளவு நேரமா நான் பேசிக்கிட்டே நின்னேன்.

தள்ளுங்க சார்.