பெயர் வெட்டிய பாத்திரங்கள்

ஷட்டரில் முதல் அடி விழுகிறது. இரும்பின் மேல் இரும்பு. தகடு முழுக்க அதிர்ந்து அடங்குகிறது. கொஞ்சம் இடைவெளி. இரண்டாவது அடி.

நான் மாடியில் நிற்கிறேன். கடைக்கு நேர் மேலே எங்கள் முன்னறை. ஜன்னலுக்குக் கம்பி கிடையாது, மரக்கதவு மட்டும். அதை ஒரு விரல் அளவு திறந்து வைத்திருக்கிறேன். என் காலடியில் ஆசிட் ஜாடி. பித்தளைக்கு ஈயம் பூசுவதற்கு முன்னால் கழுவ வைத்திருப்பது. கண்ணாடி ஜாடி, பாதிக்கு மேல் நிறைந்தது. கொழுந்தன் சலீம் பின்கட்டிலிருந்து தூக்கி வந்தான். மூடியையும் அவனே திருகி எடுத்துவிட்டான். மூக்கு எரிகிறது.

சற்று முன்புதான் பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராஜம்மா அக்கா கத்தினார். தையல்காரர் மனைவி.

"ஜெயினு! வாராங்க, வாராங்க! பிள்ளையக் குடு!"

என் மகள் நசீமாவைச் சுவர் மேல் தூக்கிக் கொடுத்தேன். அவளுக்கு ஆறு வயது. ஒரு கால் செருப்பு இந்தப் பக்கம் விழுந்தது. "நீயும் ஏறு கண்ணு" என்றார் அக்கா. நான் ஏறவில்லை. அவர் கீழே கடையில் இருந்தார்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். காதர் மைதீன். கோயமுத்தூரில் பழைய கடைவீதிப் பக்கம் எங்களுக்குப் பாத்திரக்கடை, அவருடைய அத்தா, என் மாமனார், வைத்தது. கீழே கடை, மேலே வீடு, பின்கட்டில் ஈயம் பூசும் இடம். தொண்ணூறுகளின் பின்பாதி. எந்த வருஷம் என்று ஊருக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை மாதம். கலவரத்துக்குப் போட்ட ஊரடங்கின் மூன்றாம் நாள். பாலும் அரிசியும் வாங்கிக்கொள்ள மதியத்தில் சற்று நேரம் தளர்த்தியிருந்தார்கள். ஜனங்கள் பையோடு வெளியே வந்தார்கள். அவர்களோடு ஷட்டரில் அடிக்கிற இவர்களும் வந்தார்கள்.

மூன்றாவது அடி. கீழ்ப்பக்கம் தகடு நெளிகிறது. தெருவில் எங்கோ கண்ணாடி உடைந்து கொட்டுகிறது. டயர் எரியும் வாசனை. தெருமுக்கில் காலையில் நின்ற போலீஸ் வேன் இப்போது இல்லை.

படியில் அவர் ஏறி வருகிறார். கையில் சாவிக்கொத்து. சலீம் ஜன்னலோரம் இரும்புக் கம்பியோடு நிற்கிறான். இருபத்திரண்டு வயது.

"ஊத்திப்போடலாங்க அண்ணா. ஒரே வாட்டி. ஓடிப்போயிருவாங்க."

"ஓடுவாங்க. பொறகு பெட்ரோலோட வருவாங்க."

"அப்ப அத்தா வெச்ச கடைய எடுத்துக் குடுக்கறதா?"

"கடைய அத்தா வெச்சாரு. உசுர அவரு வெக்கல."

அவர் என்னைப் பார்த்தார். என் முறை என்று அர்த்தம். எந்த முடிவானாலும் கடைசியில் என்னைப் பார்ப்பது அவர் வழக்கம். நல்ல நாளில் எனக்கு அது பெருமையாக இருக்கும். அன்றைக்கு ஆத்திரமாக வந்தது. இதைக்கூடவா என்னைக் கேட்பார்கள் என்று இருந்தது.

"தொறந்து உட்ருங்க" என்றேன். "எடுத்துட்டுப் போகட்டும். உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. எனக்கு அது போதுங்க."

சலீம் கம்பியைத் தரையில் ஓங்கிக் குத்தினான். அண்ணன் பேச்சைத் தட்டவில்லை. அவர் கீழே இறங்கினார்.

இதுதான் நாங்கள் எடுத்த முடிவு. கோழைத்தனம் என்று பிற்பாடு சில பேர் என் காதுபடவே சொன்னார்கள். அவர்கள் வீட்டு ஷட்டரில் யாரும் அடிக்கவில்லை.

பூட்டு திறக்கும் சத்தம். ஷட்டர் உருண்டு மேலே போகும் சத்தம், தினமும் காலையில் கேட்பதுதான். உடைக்க வந்தவர்கள் திறப்பதை எதிர்பார்க்கவில்லை.

"எடுத்துக்கங்க" என்று அவர் குரல் கேட்டது. "யாரும் உங்களத் தடுக்கல. மேல பொம்பளைங்க இருக்கறாங்க. மேல மட்டும் வராதீங்க."

உள்ளே புகுந்தார்கள். இருபது பேர் இருக்கும், கூடவும் இருக்கலாம். நான் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். குடம் போகிறது. குக்கர் போகிறது. தட்டு அடுக்கு போகிறது. எவர்சில்வர் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிடுகிறது. ஒருத்தன் வாசலில் நின்று ஒரு குடத்தை விரலால் சுண்டிப் பார்த்தான். ஓசை கேட்டான். பிடிக்கவில்லை போலிருக்கிறது, வைத்துவிட்டு வேறு குடம் எடுத்தான். திருட வந்த இடத்திலும் சுண்டிப் பார்க்கிறவன் எங்கள் ஊர்க்காரன்தான், சந்தேகமில்லை. இன்னொருத்தனை எனக்கு முகம் தெரியும். போன மாதம் குக்கர் கைப்பிடி மாற்றிக்கொண்டு போனவன். அவன் மாடிப்பக்கம் பார்க்கவே இல்லை.

பெண்களும் வந்தார்கள். ஒரு பெண் முந்தானையை விரித்து டம்ளர்களை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

எனக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது. போகட்டும், போகட்டும் என்று உதடு முணுமுணுத்தது. கடை காலியாகட்டும், மனுசன் மிஞ்சட்டும். அந்தச் சில நிமிஷம் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சுமதியின் சீரை நான் மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை.

அன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ராமசாமிக் கவுண்டருக்குச் சுமதி ஒரே மகள். தை மாதம் கல்யாணம். ஐப்பசியிலேயே குடும்பத்தோடு வந்து, காலையில் உட்கார்ந்தவர்கள் சாயங்காலம்தான் எழுந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் சுண்டிப் பார்த்தார்கள். பித்தளை அண்டா, தவலை, குடம், குத்துவிளக்கு, தாம்பாளம், சொம்பு. எல்லாவற்றிலும் பெயர் வெட்டச் சொன்னார்கள். ஊரடங்கின் முதல் இரண்டு நாளும் என் வீட்டுக்காரர் பின்கட்டில் அந்த வேலையில்தான் இருந்தார். தெருவில் நாய்கூட நடமாடவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் பெயர் வெட்டும் மெஷின் ட்ர்ர்ர் என்று ஓடியது. ரா. சுமதி, அன்னூர். ரா. சுமதி, அன்னூர். வெளியே ஊர் எரியும்போது இந்த மனுசன் கல்யாணச் சீருக்குப் பேர் வெட்டிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்டி முடித்துச் சாக்கில் சுற்றிப் பின்கட்டு வாசலை ஒட்டி அடுக்கி வைத்தார்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெயர் வெட்டும்வரை பாத்திரம் கடைக்காரருடையது. பெயர் விழுந்துவிட்டால் அது பெயருக்குரியவர் சொத்து. அதை விற்கக் கூடாது, மாற்றித் தரக் கூடாது, ஒரு வாய் தண்ணீர்கூட அதில் மொண்டு குடிக்கக் கூடாது. பழைய பாத்திரம் போடுகிறேன் என்று வேறு பெயரோடு ஒன்றைக் கொண்டுவந்தால், யாருடையது, உனக்கு எப்படி வந்தது என்று கேட்காமல் எந்தக் கடைக்காரரும் தராசில் வைக்க மாட்டார். பெயருக்கு மேல் காவல் கிடையாது என்று அவர் சொல்வார். அதை நம்பினார்.

அந்த நம்பிக்கையைத்தான் அன்றைக்குக் கூட்டத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

"அது வேண்டாங்க." அவர் குரல் இப்போது உள்ளிருந்து வருகிறது. சத்தமாக. "அது எங்களுதில்லீங்க. அன்னூருக் கவுண்டரு ஊட்டுப் புள்ளைக்குச் சீரு. பேரு வெட்டியாச்சு. பாருங்க, படிச்சுப் பாருங்க."

அடுத்தவர் பொருள்தானே, விட்டுவிடுங்க என்று இங்கிருந்தே அவருக்குக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருக்கிறது.

அதற்குள் ஒருவன் படித்தான். எழுத்துக் கூட்டி, உரக்க. "ரா. சுமதி, அன்னூர்." ஒரு சிரிப்பு. "உட்ரா, நம்மூட்டுப் புள்ள சீரு" என்று ஒரு குரல். "பேரத் தேய்ச்சாப் போயிரும், தூக்குடா" என்று இன்னொரு குரல். சாக்கு கிழிகிறது. அண்டா தரையில் இழுபடுகிறது. சிமெண்டுத் தரையில் பித்தளை இழுபடும் ஓசை பல்லைக் கூசவைக்கும். அது பாதியில் நின்றது. அவர் அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார் என்று பின்னால் தெரிந்தது. கடைச் சாமான் முழுவதையும் சும்மா கொடுத்தவர், அடுத்தவர் அண்டா ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு அடி.

பித்தளையில் அடித்தால் எப்படி இருக்கும், எவர்சில்வரில் அடித்தால் எப்படி, செம்பில் அடித்தால் எப்படி என்று எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். இது எதுவும் இல்லை.

சலீம் என்னை இடித்துக்கொண்டு படியில் பாய்கிறான். நான் ஜாடியைத் தூக்கிவிட்டேன். எப்படித் தூக்கினேன் என்று தெரியாது, கனமான ஜாடி. ஜன்னல் கதவை முழங்கையால் தள்ளித் திறந்தேன். ஜாடியின் விளிம்பு ஜன்னல் கட்டையில். கீழே தலைகள். நேர் கீழே முந்தானையில் டம்ளர் கட்டிய அந்தப் பெண். நிமிர்ந்து பார்க்கிறாள். ஜாடியையும் பார்க்கிறாள், என்னையும் பார்க்கிறாள். ஓடவில்லை. வாயைத் திறந்தபடி நிற்கிறாள்.

அடித்தவன் உள்ளே இருக்கிறான். என் கைக்கு எட்டுவது டம்ளர் திருடி.

நான் ஊற்றவில்லை. அவள் மேல் இரக்கம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம், வரவில்லை. அவளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் அவள் முகம் வெந்து உரிவதால் என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அந்த நொடியில் தெளிவாகத் தெரிந்தது. ஜாடியை உள்ளே இறக்கி வைத்தேன். மூடி போட்டேன். வெறும் கையோடு கீழே ஓடினேன்.

சலீம் கம்பியைச் சுழற்றுகிறான். ஒருத்தன் விழுந்து எழுந்து ஓடினான். இன்னொருத்தன் ஷட்டர் நெம்பிய கடப்பாரையால் சலீமின் வலது முழங்கையில் அடித்தான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. தூரத்தில் விசில். "போலீசு! போலீசு!" என்று வெளியே கத்தினார்கள். நிமிஷத்தில் கடை காலி. அண்டாவையும் கொண்டுபோனார்கள்.

அவர் பின்கட்டு வாசலில் கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "சீரு போச்சு ஜெயினு" என்றார்.

"போனாப் போகுதுங்க" என்றேன்.

"கவுண்டருக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

ராஜம்மா அக்கா வீட்டுக்காரர் தள்ளுவண்டி கொண்டுவந்தார். அவரும் நானும் தள்ளினோம். சலீம் ஒற்றைக் கையால் அண்ணன் தலையைத் தாங்கிக்கொண்டு வந்தான். வழியில் போலீஸ் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் நிறுத்தினார்கள், பார்த்தார்கள், விட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசலில் மாலை அஸர் பாங்கு கேட்டது. மறுநாள் காலை மௌத்தானார். ஊரடங்கு என்பதால் அடக்கத்துக்குச் சில பேரைத்தான் விட்டார்கள்.

பஸ் ஓட ஆரம்பித்த பிறகு ராமசாமிக் கவுண்டர் வந்தார். காலிக் கடையில் நின்றார். சீர் போய்விட்டது, அதைக் காக்கத்தான் என் வீட்டுக்காரர் எதிர்த்து நின்றார் என்று நானே சொன்னேன். சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் கோபம். உங்கள் அண்டாவால்தானே என்று. கவுண்டர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அப்புறம் சத்தம் போட்டார், என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்து.

"அண்டா போசி போனா வேற போசிங்க அம்மணி. அதுக்கு உசுரக் குடுக்கச் சொன்னனா நானு? ஏனுங்க இப்பிடிப் பண்ணிப்போட்டாரு?"

நான் கேட்க வேண்டியதை அவர் கேட்டுவிட்டார். என் கோபம் அங்கேயே வடிந்துபோயிற்று. அவர் வேறு கடைக்குப் போக மறுத்தார். கல்யாணத்தைப் பங்குனிக்குத் தள்ளி வைத்தார். கும்பகோணத்திலிருந்து சரக்கு வரவழைத்தோம். சலீமின் கை சேரவில்லை. ஆகவே மெஷினை நான் பிடித்தேன். ரா. சுமதி, அன்னூர். முதல் சொம்பில் எழுத்து கோணலாக விழுந்தது. அது போதும் என்றார் கவுண்டர்.

மாசியில் ஒரு நாள் காலை, ஷட்டருக்கு வெளியே செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். உள்ளே பழைய சீரின் சொம்பு. பெயரைத் தேய்க்க முயன்றிருக்கிறார்கள். கீறல்தான் விழுந்திருந்தது. பெயர் அப்படியே இருந்தது. யார் வைத்தது என்று தெரியாது. நான் தேடவும் இல்லை. கவுண்டர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எங்களிடம் இருக்கட்டும் என்றார். இருக்கிறது. அதில் நாங்கள் தண்ணீர் மொள்வதில்லை.

இனிக் கணக்கு. கடையிலிருந்து போனது: இருந்தது எல்லாம். சீரில் போனது: எல்லாம், திரும்பி வந்தது ஒரு சொம்பு. சலீமின் வலது கை. நசீமாவின் தூக்கம், இன்றும் ஷட்டர் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறாள். ஆசிட் ஜாடி போகவில்லை. அதில் ஒரு சொட்டும் குறையவில்லை.

ஆள்: ஒருவர்.

பாத்திரக்கடைக்காரர் வீட்டில் பெயர் வெட்டுகிற பழக்கம் இல்லை. எங்களுக்கு எல்லாமே கடைச் சரக்கு, இன்றைக்குச் சமைக்கிற பாத்திரத்தை நாளைக்குத் துலக்கி விற்போம். அன்னூரிலிருந்து காங்கேயம் வரை எத்தனையோ அடுப்படிகளில் அவர் வெட்டிய எழுத்து இருக்கிறது. எல்லாம் அடுத்தவர் பெயர். அவர் பெயர் ஒரு கரண்டியில்கூட இல்லை. அதனால் இங்கே வெட்டி வைக்கிறேன், அவர் வெட்டுகிற மாதிரியே.

சே. காதர் மைதீன், கோயமுத்தூர்.