எழுப்பிக்கொண்டே இருந்தால் அனுப்புவது எப்போது?

அவைத் தலைவர் மாரிச்சாமி ஐயா அவர்களே, ஆன்றோர்களே, அன்னைமார்களே, ஊரெல்லாம் நெட் நின்ற அன்றைக்கு ராஜபாளையம் நெட் ஆபீசில் இருந்த அத்தனை பேருமே: முதலாளி ராம்குமார் அவர்களே, சற்றுமுன் கேடயம் வாங்கிய பொறியாளர் சூர்யபிரகாஷ் அவர்களே, சேத்தூரிலிருந்து பைக்கில் வந்து வாசலில் வசைமாரி பொழிந்த வாடிக்கையாளர்களே, கண் ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அங்கே கூட்டி வந்த என் மகன் வேல்பாண்டியே, வணக்கம். வேல்பாண்டியின் மகள் காளீஸ்வரியும் அன்று அங்கே வேலையில் இருந்தாள். இன்று அவளுக்கு அழைப்பில்லை.

மூத்த சந்தாதாரர் என்று வாழ்த்தக் கூப்பிட்டார்கள். நான் வாழ்த்தோடு வரவில்லை, வழக்கோடு வந்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கெர்னல் என்று ஒன்று. அதற்குள் ஷெட்யூலர் என்று ஒரு பந்தி விசாரிப்பாளன். அனுப்ப வேண்டிய தகவல் பொட்டலங்கள், பாக்கெட் என்பார்கள், வீட்டுக்கு ஒரு வரிசையாக நிற்கும். தன் பங்கை வாங்கிய வரிசை செத்த நேரம் உறங்கும். நேரம் வந்ததும் அவன் எழுப்ப வேண்டும். எழுப்புவது மட்டுமா வேலை? எழுந்தவனுக்குப் பரிமாறுவதல்லவா வேலை?

வன்னியம்பட்டிக் கல்யாணம் ஒன்றில் என் கொழுந்தன் கண்ணுச்சாமி சாம்பார் வாளியோடு நின்று, "வாங்க மாமா, வாங்க மதினி" என்று வந்தவரையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே இருந்தான். இலையில் சோறு காய்ந்தது. "ஏலே, கும்பிட்டது போதும், ஊத்துலே" என்றேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நான் கண்ணுச்சாமிக்குச் சொன்னதைத்தான் காளீஸ்வரி அந்த ஷெட்யூலருக்குச் சொல்லிவைத்தாள். ஒரு தடவைக்கு இம்புட்டுத்தான் எழுப்பணும், எழுந்ததை அனுப்பணும், மிச்சத்தைப் பொறவு எழுப்பணும் என்று எல்லை வைத்தாள்.

அந்த எல்லையை எடுத்தவர் சூர்யபிரகாஷ். "யாரையும் காக்க வைக்கக் கூடாதும்மா, எல்லாத்தையும் ஒரே மூச்சுல எழுப்பட்டும்."

"எழுப்பிக்கிட்டே இருந்தா எப்ப சார் அனுப்பும்?" என்று கேட்டாள். கேட்டாரா?

அன்று கரண்ட் போய் வந்தது. எல்லா வரிசையையும் ஒன்றாக எழுப்பும் நேரம் வந்தது. ஷெட்யூலர் எழுப்பினான், எழுப்பினான், எழுப்பிக்கொண்டே இருந்தான். ஒரு பாக்கெட் வெளியே போனதா? போகவில்லை. ஊரே முடங்கியது.

"இதுல கை வச்சது யாரு?" என்றார் முதலாளி.

"காளீஸ்வரிதான் சார் தொட்டா" என்றார் சூர்யபிரகாஷ்.

தொட்டது மெய். எல்லையை வைக்கத் தொட்டாள். எடுக்கத் தொட்ட கை எது? அதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் ஒரு குரல், முப்பது வருஷம் போலீசில் சல்யூட் அடித்துப் பழகிய குரல்: "மேல உள்ளவுகள எதுத்துப் பேசாத தாயீ. மன்னிப்புக் கேட்டுட்டு வண்டில ஏறு."

கேட்டாள். செய்யாத குற்றத்துக்குக் கேட்டாள். கேட்டதனாலேயே குற்றவாளி ஆனாள். வேலை போயிற்று. அவள் வைத்த எல்லையை மட்டும் சூர்யபிரகாஷ் திரும்ப வைத்தார், நெட் ஓடியது. அதற்குத்தான் ஐயா இன்றைய கேடயம்.

மணி அடிக்காதீர்கள் தலைவரே, முடித்துவிடுகிறேன்.

ஏசிய வாடிக்கையாளர்களை மன்னித்தேன்; நெட் நின்றால் நானும் ஏசுவேன். ஏமாந்த முதலாளியை மன்னித்தேன். கேடயத்தில் பேரை மாற்றுங்கள். சூர்யபிரகாஷையும் மன்னிப்பேன், இந்த மைக்கில் உண்மையைச் சொன்னால். அயலான் அவன், தன் பிழைப்புக்குப் பொய் சொன்னான்.

பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், மைக் பிடித்துத் தந்த ஆண்டிச்சாமிக்கும் நன்றி, கும்பிடுகிறேன். உண்மை பேசத் திறந்த மகள் வாயைப் பொத்தியவனை மட்டும் என் கட்டை வேகும்வரை மன்னிக்க மாட்டேன். அவன் நான் பெற்ற வேல்பாண்டி.